மலையகத்தில் பறவைகளைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் கெனன் 700டி இருக்கிறது, அதோடு வந்த 18-55 லென்ஸும் பிறகு வாங்கிய 55-250 லென்ஸும் இருக்கின்றன (இந்த எண்கள் மி.மீ.இல் குவியத் தூரம், அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாக விழும்). இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் சேர்த்து வைத்திருக்கிறார். தோட்டத்தைச் சுற்றியுள்ள பறவைகள், ஹோர்ட்டன் சமவெளியின் மரைகள், முடிந்தால் மேல்மலையில் அவ்வப்போது தென்படும் சிறுத்தை, இவற்றைப் படமெடுக்க ஆசை. ஒரு நண்பர் 150-600 வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஸூம் கெமராவான நிக்கோன் பி 1000 வாங்கச் சொல்கிறார். எது சரி என்பது கேள்வி.

கேள்வியில் சாமான்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. ஆனால் இவர் கேட்க நினைப்பது, தூரத்தில் இருப்பதை எப்படிப் பெரிதாகவும் தெளிவாகவும் எடுப்பது என்பதை. அதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பை, அதாவது 700டியை, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பணத்தை லென்ஸில் போடுங்கள். அந்த லென்ஸும் 600 வரை நீளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாவித்த கெனன் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதை எடுங்கள், கிடைக்காவிட்டால் 400 மி.மீ. எஃப் 5.6. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் இதைத் தொழிலாகச் செய்பவன் அல்ல. நுவரெலியாப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், லீவு நாட்களில் கெமராவோடு அலைகிறேன். கெனனும் நிக்கோனும் கைக்குப் பழகியவை. சோனியை இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. வீடியோ பற்றியும் என்னிடம் கேட்காதீர்கள்.

நம் நாட்டில் காட்டுயிர்ப் படம் என்றதும் வரும் ஆலோசனைகளில் பெரும்பங்கு யாலவிலிருந்தும் வில்பத்துவிலிருந்தும் வருகிறது. அங்கே ஜீப்பில் இருந்துதான் எடுக்க வேண்டும், இறங்க முடியாது. விலங்கு எண்பது மீற்றரில் படுத்திருந்தால் எண்பது மீற்றர்தான். வறண்ட வலயம், மரங்கள் குட்டை, வெயில் தாராளம். இரண்டு கிலோ லென்ஸை ஜீப்பின் கம்பியில் ஒரு மணல்பையைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் 150-600 வாங்கச் சொல்வது நூற்றுக்கு நூறு சரியான ஆலோசனை. அதே ஆலோசனை மலையேறி நம்மிடம் வரும்போதுதான் இடறுகிறது. நாம் நடந்து போகிறோம். காடு அடர்த்தி, வானம் பாதி நாள் மூடியே கிடக்கிறது, மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. எண்பது மீற்றரில் ஒரு பறவை இருந்தாலும் நடுவில் இலையும் பாசி பிடித்த கிளையும் பனியும் இருக்கும், எடுக்க முடியாது. எடுக்க முடிகிற பறவை பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் இருக்கும், அதுவும் இருட்டில்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், சிக்கலான கணக்கு இல்லை. சென்சரில் விழும் உருவத்தின் நீளம் என்பது, ஏறத்தாழ, லென்ஸின் குவியத் தூரத்தைப் பொருளின் நீளத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் வருவது. நம் மலைக்காட்டுக்கே உரிய மங்கல் நீல ஈபிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு முதல் வால் வரை சுமார் 15 சென்ரிமீற்றர். அது பத்து மீற்றரில் உட்கார்ந்திருந்தால் 300 லென்ஸில் நான்கரை மி.மீ. அளவுக்கு விழும். உங்கள் 700டியின் சென்சர் அகலம் 22.3 மி.மீ., ஆகவே படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு பறவை. 400 லென்ஸில் ஆறு மி.மீ., கால்வாசிக்குச் சற்று மேல். 600இல் ஒன்பது மி.மீ., ஐந்தில் இரண்டு பங்கு. இப்போது அதே 300 லென்ஸோடு இன்னும் ஐந்து மீற்றர் நெருங்குங்கள். அதே ஒன்பது மி.மீ. வந்துவிடும். எண்பது மீற்றர் தூரத்தில் ஐந்து மீற்றர் நெருங்கி ஒரு பிரயோசனமும் இல்லை. பத்து மீற்றரில் அது லென்ஸின் விலையையே பாதியாக்குகிறது. மலைக்காட்டில் வேலை செய்பவனுக்கு இந்த ஐந்து மீற்றர்தான் மூலதனம்.

நெருங்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. எல்லாப் பறவையையும் நெருங்க முடியாது. ஆனால் மலையகத்தில் முடிகிறவை நிறைய. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை ஓடையோரம் ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஆறுமணிக் குருவி வாய்க்கால் ஓரத்துச் சருகைக் கிளறிக்கொண்டு உங்கள் பக்கமே வரும். வடமேற்கு இமயத்தில் கூடுகட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் மலைக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வரும் காஷ்மீர் ஈபிடிப்பானும் அங்கே ஆளுக்குப் பழகியது, நடைபாதை ஓரத்துக் கிளையிலேயே இருக்கும். ஹோர்ட்டன் சமவெளி மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கின்றன. ஆட்கள் கண்டதையும் தின்னக் கொடுத்துப் பழக்கிவிட்ட வினை அது, நல்லதல்ல. அவற்றுக்கு உங்கள் 55-250 போதும், சில வேளை அதுவும் கூடிப்போகும். ஹக்கலையிலும் சமவெளியிலும் இருக்கும் கொம்பு ஓணான் மூக்குக் கொம்பை நீட்டிக்கொண்டு பாசி படர்ந்த மரத்தில் ஒட்டியிருக்கும். கண்டுபிடிப்பதுதான் பாடு, கண்டபின் ஓடுவது குறைவு. 300 எஃப் 4 லென்ஸ் ஒன்றரை மீற்றர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், ஓணானின் செதில் செதிலாக எடுக்கலாம். 400 எஃப் 5.6 மூன்றரை மீற்றருக்குக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது. பறவை மட்டும் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கும் நமக்கு இது பெரிய வித்தியாசம்.

அடுத்தது வெளிச்சம். மலையகத்தில் இதைப் பற்றிப் பேசாமல் லென்ஸ் பற்றிப் பேச முடியாது. பட்டிப்பொல வாசலைத் தாண்டி சமவெளிக்குள் போகும் பாதையோரம் அரெங்கா குளம் என்று ஒரு சிறு நீர்நிலை உண்டு. அரெங்கா என்பது இலங்கையின் சீழ்க்கைப் பூங்குருவி, ஆண் கருநீலம், பெண் கபிலம், வேறெந்த நாட்டிலும் கிடையாது. அது குளத்தோரம் வெளியே வருவது விடியும் முன் கருக்கலிலும் அந்தி மங்கும்போதும்தான். அந்த வெளிச்சத்தில் எஃப் 6.3 லென்ஸ், வினாடியில் 60இல் ஒரு பங்கு ஷட்டர் என்றால் ஐஎஸ்ஓ, அதாவது சென்சரின் உணர்திறன் எண், 6400 பக்கம் போய் நிற்கும். கருநீலப் பறவை, கறுப்புக் கல், ஐஎஸ்ஓ 6400, அதுவும் 700டியில்: என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை, உப்பும் மிளகும் தூவிய மாதிரி இருக்கும். அதே ஷட்டருக்கு எஃப் 4 லென்ஸ் ஐஎஸ்ஓ 2500 கேட்கும். எஃப் 4 என்பது எஃப் 6.3ஐ விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே விடுகிறது. வெயிலில் இந்த இரண்டரை மடங்கு யாருக்கும் வேண்டாம். அரெங்கா குளத்தில் அதுதான் படம் வருவதற்கும் வராததற்கும் இடையில் நிற்கிறது.

இதோடு கை நடுக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. உங்கள் கெமராவின் சிறு சென்சருக்கு அதை 1.6ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 300க்கு 500இல் ஒரு பங்கு, 400க்கு 640இல் ஒரு பங்கு. பெயரில் ஐஎஸ் (IS) என்று இருக்கும் கெனன் 300 எஃப் 4இல் நடுக்கத்தை அடக்கும் அமைப்பு உண்டு. 1997இல் வந்தது, பழைய தலைமுறை, இரண்டு படிதான், அதாவது நான்கு மடங்கு மெதுவான ஷட்டர் வரைதான், தாங்கும், ஆனாலும் 125இல் ஒரு பங்குக்கு இறங்கலாம். 1993இல் வந்த 400 எஃப் 5.6இல் அது அறவே இல்லை. ஆக அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவைக்கு, ஒரே வெளிச்சத்தில், இரண்டு லென்ஸுக்கும் இடையில் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு, ஷட்டரில் ஐந்து மடங்கு, மொத்தம் பத்து மடங்கு வித்தியாசம். 300இல் ஐஎஸ்ஓ 400 போதும் என்ற இடத்தில் 400 லென்ஸ் 4000 கேட்கும். பறவை அசைந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். நடுக்கம் அடக்கும் அமைப்பு நம் கையைத்தான் அடக்கும், பறவையை அடக்காது. பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்காவது வேண்டும், அங்கே 300க்கு மிஞ்சுவது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு மட்டும்தான், எடை சமமாக இருந்தாலும் 400 கூடுதல் நீளத்தால் முந்தும்.

அப்படியென்றால் 150-600 மோசமான லென்ஸா? இல்லவே இல்லை. சிக்மாவின் கன்டெம்பரரி 150-600ஐ நண்பர் ஒருவரிடம் வாங்கிப் பல நாள் பாவித்திருக்கிறேன். நல்ல வெயிலில் கூர்மையாக எடுக்கிறது, 600இலும் எஃப் 8க்கு மூடினால் குறை சொல்ல முடியாது. எஃப் 8க்கு மூட நம் காட்டில் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பதுதான் என் பிரச்சினை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கழுத்தில் போட்டுக்கொண்டு உலக முடிவு வரை ஒன்பது கிலோமீற்றர் சுற்று நடந்து பாருங்கள், அல்லது கொழுந்து மலையின் கான் ஓரமாக ஏறிப் பாருங்கள், திரும்பி வரும்போது என்னைத் திட்டுவீர்கள். 300 எஃப் 4 ஒரு கிலோ இருநூறு கிராம் அளவு, 400உம் அப்படியே. தேயிலைச் சரிவில் முக்காலி விரித்து வைக்க இடம் கிடைக்காது, ஒற்றைக்கால் தடி ஓரளவு உதவும். எனக்குப் பிடித்தது உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்வது. அட்டை ஏறும், அதற்கு உப்பும் சவர்க்காரமும் இருக்கின்றன. இன்னொன்று: நீங்கள் வருடத்துக்கு இரண்டு தடவையாவது யால, குமண போகிறவராக இருந்தால் என் முடிவு மாறும். அப்போது 150-600 எடுங்கள். உங்கள் கேள்வியில் அந்த இடங்களின் பெயரே இல்லை, அதனால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

நீளம் போதாமல் போகும் நாளும் வரும், ஒத்துக்கொள்கிறேன். டேர்பன்டைன் மர உச்சியில் குந்தியிருக்கும் கழுகுக்கு 300 போதாது. அதற்கு, லென்ஸுக்கும் கெமராவுக்கும் இடையில் பூட்டி நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு எக்ஸ்டென்டர் ஒன்றைப் பிறகு வாங்கலாம். 300 எஃப் 4 அப்போது 420 எஃப் 5.6 ஆகிவிடும், 700டியில் ஓட்டோஃபோகஸும் வேலை செய்யும். 400 எஃப் 5.6இல் அதைப் போட்டால் எஃப் 8 ஆகி, உங்கள் உடம்பில் ஓட்டோஃபோகஸ் நின்றுவிடும். 300ஐ முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி 1000 விஷயத்துக்கு வருவோம். அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2018இல் வந்தது, 3000 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது பெரிய சென்சர் உள்ள முழுச் சட்டகக் கெமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ., அந்த முனையில் எஃப் 8. சென்சர் சுண்டுவிரல் நகத்தளவு, பரப்பில் உங்கள் 700டியுடையதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வெயிலில் ஒரு குளத்தின் மறுகரையில் நிற்கும் நாரையை அடையாளம் காணவும், நிலாவை எடுக்கவும், இன்னது இந்த இடத்தில் பார்த்தேன் என்று பதிவு செய்யவும் அது வசதியான வழி. மூடுபனியும் காட்டு நிழலும் வந்தால் அது படுத்துவிடும். பறவைகளின் பட்டியல் போடுவதுதான் உங்கள் ஆசை என்றால் வாங்குங்கள். படம் எடுப்பதுதான் ஆசை என்றால் வேண்டாம்.

மூடுபனி பற்றி ஒரு சின்னப் பாடம், தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. வானிலைக்காரர்கள் பார்வைத் தூரம் என்று சொல்வது, கறுப்புப் பொருளின் மாறுபாடு நூற்றுக்கு ஐந்தாகக் குறையும் தூரம். அது ஐம்பது மீற்றராக இருக்கும் ஒரு மாலையில் இருபத்தைந்து மீற்றரில் இருக்கும் கருங்குரங்கின் மாறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் உங்களிடம் வந்து சேரும். பத்து மீற்றரில் பாதிக்கு மேல் வரும். லென்ஸ் எத்தனை லட்சமானாலும் நடுவில் இருக்கும் நீர்த்துளிகளை அது உறிஞ்சப் போவதில்லை. ஆகவே பனி நாளில் தூரத்துப் பறவையை மறந்துவிட்டு கிட்டே இருப்பதை எடுங்கள், அல்லது பனியையே படமாக்குங்கள். வெள்ளைப் பின்னணியைக் கண்டதும் கெமரா பயந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வையுங்கள். ஓட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி அலையும். நடுப் புள்ளியை மட்டும் தெரிவு செய்து, பறவையின் உடம்பில் இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தில், கழுத்துக் கோட்டில் அல்லது சிறகு விளிம்பில், வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

உடம்பை மாற்ற வேண்டாம் என்று சொன்னது நிரந்தரமாக அல்ல. 700டி 2013இல் வந்த சாதாரண உடம்பு, ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். என் கண்ணுக்கு ஐஎஸ்ஓ 1600 வரை தயக்கமில்லாமல் பாவிக்கலாம், 3200 கடைசி. பறவையின் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் பிடிக்கும் புதிய கெமராக்கள் பறவைப் படத்தை மாற்றிவிட்டன என்பதில் சந்தேகமில்லை. கெனன் ஆர் 7, ஆர் 10 இரண்டும் 2022இல் வந்தவை. உங்கள் லென்ஸ் ஒரு அடப்டரோடு அவற்றில் முழுதாக வேலை செய்யும். ஆர் 7இன் உள்ளேயே நடுக்கம் அடக்கும் அமைப்பு இருப்பதால் 400 எஃப் 5.6க்குக்கூட அங்கே மறுவாழ்வு கிடைக்கிறது, ஆர் 10இல் அது இல்லை. இன்று லென்ஸில் போடும் பணம் வீண்போகாது என்று சொல்வது இதனால்தான். ஆனால் கண் பிடிக்கும் வித்தை மலைக்காட்டில் விளம்பரத்தில் சொல்வது போல வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். பறவைக்கு முன்னால் குறுக்கே இரண்டு குச்சி இருந்தால் அது குச்சியைப் பிடிக்கும் வேளைகள் உண்டு. இது என் அனுபவத்தில் கண்டது, அளந்து பார்த்து நிரூபித்தது அல்ல. மெகாபிக்சல் விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்வேன்: உங்களிடம் இருக்கும் 18 மெகாபிக்சல், ஒரு சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் அடிக்கப் போதும்.

அப்புறம் ஈரம். 2022இல் ரூபா விழுந்த பிறகு லென்ஸ் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும், இருப்பதைக் காப்பாற்றுவது புதிது வாங்குவதை விட முக்கியமாகிவிட்டது. மலையகத்தில் லென்ஸைக் கொல்வது கீழே விழுவதை விடப் பூஞ்சணம்தான். லயமாக இருந்தாலும் குவாட்டர்ஸாக இருந்தாலும் தென்மேல் பருவமழைக் காலத்தில் சுவரே வியர்க்கும். கெமராப் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சாமான் கடையில் வாங்குவதுதான், அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஒரு சிறு ஈரப்பத மானி. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நின்றால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி போடச் சொல்வார்கள், தூசிதான் மிச்சம். பூச்சி உருண்டை ஈரத்தை உறிஞ்சாது. ஒரு லென்ஸின் பூஞ்சணம் பக்கத்து லென்ஸுக்குத் தொற்றுமா என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, ஈரம் கிடைத்தால்தான் முளைக்கும் என்ற பக்கம் எனக்குச் சாய்வு. ஆனாலும் பூஞ்சணம் கண்ட லென்ஸை நான் தனியாகத்தான் வைப்பேன்.

தை, மாசி விடியலில் சமவெளியின் புல்லில் உறைபனி படிந்திருக்கும். அந்தக் குளிரில் நின்ற கெமராவை அப்படியே சூடான வாகனத்துக்குள் கொண்டுபோனால் கண்ணாடியெல்லாம் நீர் பூக்கும், உள்ளேயும் பூக்கும். குளிரில் இருக்கும்போதே பையில் போட்டு, அல்லது பொலித்தீன் பையில் கட்டி, கீழே இறங்கி ஒரு மணி நேரம் போகும் வரை திறக்காமல் வையுங்கள். படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் எல்லோரும் திறக்கிறார்கள். மெமரி கார்டை மட்டும் முதலிலேயே கழற்றி எடுத்துக்கொண்டால் அந்த ஆசை தீர்ந்தது.

சிறுத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கென்று லென்ஸ் வாங்காதீர்கள். தேயிலைக்குள் நடமாடும் சிறுத்தை ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு வரும், கண்ணில் படுவது தற்செயல், பட்டாலும் கெமராவை உயர்த்துவதற்குள் போய்விடும். அது எந்த மலையில் எந்தப் பாதையால் போகிறது என்பது கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு நம்மை விட நன்றாகத் தெரியும், அவர்களிடம் பேசுங்கள். தேடிப் போகாதீர்கள், முக்கியமாகக் குட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே வேண்டாம். நீங்கள் கிளப்பிவிட்ட சிறுத்தை ஓடும் திசையில் நாளை காலை பெண்கள் கொழுந்தெடுக்கப் போவார்கள். தானியங்கிக் கெமரா கட்டுவது நல்ல வழிதான், ஆனால் தோட்ட நிர்வாகத்திடமும், காடாக இருந்தால் உரிய திணைக்களத்திடமும் அனுமதி கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது. 2020 மே மாதம் உங்கள் பக்கத்து நல்லதண்ணியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்துபோனது, கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்படிக் கண்ணிகள் இருக்கும் ஊரில் எந்தத் தோட்டம், எந்த மலை என்று எழுதிச் சிறுத்தைப் படம் போடுவது சரியில்லை. தொலைபேசியில் எடுத்தால் படத்துக்குள்ளேயே இடம் பதிந்திருக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள். அரெங்காவை வரவழைக்க அதன் குரலை ஒலிக்கவிடுவது, தேவாங்கின் கண்ணில் ஃப்ளாஷ் அடிப்பது, இரண்டும் எனக்கு உடன்பாடில்லாதவை.

பாவித்த லென்ஸ் வாங்கப் போகும்போது ஒரு சிறு டோர்ச் கொண்டுபோங்கள். பின்பக்கம் வழியாக வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி இழை மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். பால் மாதிரி மங்கலாக இருந்தாலும் வேண்டாம், வெள்ளை வானத்தை நோக்கி எடுக்கும்போது படம் வெளிறிவிடும். நாலைந்து தூசித் துகள் இருந்தால் கவலையில்லை. 300 எஃப் 4 என்றால் நடுக்கம் அடக்கும் அமைப்பைப் போட்டு, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திக் கண்ணால் பாருங்கள், காட்சி ஒரு கணத்தில் நிலைக்க வேண்டும். பழைய லென்ஸ் அது, அந்தப் பாகம் பழுதானால் மாற்றுவது சுலபமாக இருக்காது. முழுத் திறப்பில் பத்து மீற்றரில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து, உங்கள் கார்டிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. உங்கள் 55-250 லென்ஸால் இதுவரை எடுத்த பறவைப் படங்களைக் கணினியில் திறந்து, பிடிக்காமல் ஒதுக்கியவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று கேளுங்கள். பறவை கூர்மையாக இருந்து, சிறிதாக இருப்பது மட்டுமே குறை என்றால், ஷட்டர் வேகமும் 640க்கு மேலேயே இருந்தால், உங்களுக்கு 400 எஃப் 5.6 பொருந்தும், என் 300 ஆசையை உங்கள் மேல் திணிக்க மாட்டேன். கலங்கியிருந்தால், அல்லது ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறிப் புள்ளி புள்ளியாக இருந்தால், 300 எஃப் 4. எப்படி வந்தது என்று எழுதுங்கள், ஒதுக்கிய படங்கள் இரண்டு மூன்றையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.